மூன்று தடவை விழுந்து நான்காவதில் நின்ற பாலம்

வேல்ஸ் நாட்டின் தெற்கே பொன்டிப்ரித் என்று ஓர் ஊர். ஊர் நடுவே டாஃப் ஆறு ஓடுகிறது. அதன் மேல் 1756-இல் கட்டி முடித்த கல்பாலம் ஒன்று இன்னும் நிற்கிறது. ஒரே வளைவு, கரைக்குக் கரை 140 அடி, நடுவில் தூண் கிடையாது. கட்டியவர் வில்லியம் எட்வர்ட்ஸ். 1719-இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், பண்ணையில் சரிந்த கல்சுவர்களை எடுத்துக் கட்டப் போய் கல்வேலை கற்றுக்கொண்டவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பிரசங்கமும் செய்கிறவர். இன்ஜினீயரிங் படிப்பு எதுவும் கிடையாது.

இந்தப் பாலம் அவருடைய நான்காவது முயற்சி. முதல் மூன்றும் போய்விட்டன, அதில் மூன்றாவது போன விதம்தான் விசேஷம். வெள்ளம் வரவில்லை, யாரும் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றவில்லை. பாலத்தின் நடு உச்சி மேல்நோக்கிக் கிளம்பி, அங்கிருந்த கற்கள் பிதுங்கி, அதற்கப்புறம்தான் மொத்தமும் ஆற்றில் விழுந்தது.

பாலம் என்றால் கீழ்நோக்கித் தொய்ந்துதானே விழும், மேல்நோக்கி எப்படிப் போகும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பழைய கல்பாலங்கள் எதனால் நிற்கின்றன என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டே வருகிறேன்.

கல்லை அமுக்கினால் ஏகப்பட்ட பாரம் தாங்கும், இழுத்தால் சட்டென்று விட்டுவிடும். நீளமான கல் ஒன்றை இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்துப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றினால் கல்லின் மேல்பாதி அமுங்குகிறது, கீழ்ப்பாதி இழுபடுகிறது, விரிசல் கீழேயிருந்துதான் ஆரம்பிக்கும். நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் அத்தனை நெருக்கமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கல் உத்தரம் அதற்கு மேல் நீள விடாது.

ஆற்றிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் போஸ்ட்பிரிட்ஜ் என்ற இடத்தில் கருங்கல்லைத் தூணாக அடுக்கி, அதன்மேல் 4 மீட்டருக்கு மேல் நீளமும் ஏறக்குறைய 8 டன் எடையும் உள்ள பலகைக் கற்களைப் படுக்க வைத்திருக்கிறார்கள். பல நூறு வருடப் பாலம், பொதிக்குதிரைகள் போவதற்காக வைத்தது. சாந்து கிடையாது, கல்லின் எடைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பக்கத்து எக்ஸ்மூரில் டார் ஸ்டெப்ஸ் என்று இதே மாதிரி 17 கண் பாலம் ஒன்று உண்டு. அங்கே கற்கள் இன்னும் சின்னவை, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு டன்தான் இருக்கும், பெரிய வெள்ளம் வந்தால் உருட்டிக்கொண்டு போய்விடும். என்ன செய்வார்கள்? ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வடிந்ததும் ஆற்றில் இறங்கித் தேடி எடுத்து அதனதன் இடத்தில் திரும்ப வைத்துவிடுகிறார்கள். ஆற்றின் மேல்புறத்தில் இரும்பு வடம் கட்டி, வெள்ளம் அடித்துவரும் மரங்களை அங்கேயே மறிக்கவும் ஏற்பாடு உண்டு. கொஞ்சம் வேடிக்கையாகத் தெரிந்தாலும், பழம் பாலத்தைப் பராமரிக்கிற முறைகளில் இதைவிட நேர்மையான முறையை நான் கேள்விப்பட்டதில்லை.

பலகைக் கல்லை வைத்துக்கொண்டு அகலமான ஆற்றை ஒரே தாவலில் கடக்க முடியாது. வளைவு வந்ததும் நிலைமை மாறியது. ஆப்பு மாதிரி ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் ஒடுங்கிய கற்களை அரைவட்டமாக அடுக்கினால், மேலே இருக்கிற பாரம் ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடு சேர்த்து அமுக்குகிறது, அமுக்கம் கல்லுக்குக் கல் கைமாறிக் கரைக்குப் போய்ச் சேர்கிறது. எந்தக் கல்லும் இழுபடுவதில்லை. கல்லுக்குப் பிடித்த வேலையை மட்டும் கல்லிடம் கொடுக்கிற ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சிக்கல், கடைசிக் கல் உட்காரும்வரை வளைவு என்று ஒன்று கிடையாது என்பதுதான். அதுவரை எல்லாக் கல்லையும் வேறு எதாவது தாங்க வேண்டும். அதற்குத்தான் மரச் சென்டரிங். நம் வீட்டுக் கூரைக்குக் கான்கிரீட் போட அடிக்கிறார்களே, வேலை அதேதான், ஆனால் வளைந்தது, அதுவும் ஓடுகிற ஆற்றுக்கு மேலே. இரண்டு கரையிலிருந்தும் ஒரே சமயத்தில் கல் வைத்துக்கொண்டு வர வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஏறினால் சென்டரிங் மறுபக்கம் சாய்ந்து வளைவின் வடிவமே கோணலாகிவிடும். நடு உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கி உட்கார வைத்த பிறகு, சென்டரிங்குக்கு அடியில் கொடுத்திருக்கிற மர ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தளர்த்துவார்கள். வளைவு தன் எடையைத் தானே வாங்கிக்கொண்டு லேசாக இறங்கி உட்காரும். சுண்ணாம்புச் சாந்து அதற்குள் முழுக்க இறுகியிருக்காது, அதனால் கற்கள் அசைந்து தமக்குத் தோதான நிலைக்கு வர இடம் இருக்கும்.

சாந்துக்கு இங்கே பசை வேலை கிடையாது. இரண்டு கல்லின் முகமும் சீராகப் படிவதற்கான மெத்தை அது, அவ்வளவுதான்.

வளைவுக் கற்களின் இந்த வளையம்தான் பாலம், மற்றதெல்லாம் அதன் மேல் ஏற்றிய சுமை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஸ்காட்லாந்தில் கார்பிரிட்ஜ் ஊருக்குப் போக வேண்டும். 1717-இல் ஜான் நிக்கல்சன் என்ற மேஸ்திரி டல்னன் ஆற்றின் மேல் மே மாதம் தொடங்கி நவம்பருக்குள் கட்டி முடித்த பாலம். ஆற்றில் தண்ணீர் ஏறினால் சவ ஊர்வலம் டுதில் தேவாலயத்துக்குப் போக முடியாமல் நின்றுவிடுகிறது என்பதால் அலெக்சாண்டர் கிரான்ட் என்ற பிரபு சொல்லிக் கட்ட வைத்தது. 1829 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளம் அதைச் சிதைத்தது, கைப்பிடிச்சுவர், பக்கச்சுவர், உள்ளே நிரப்பியது எல்லாம் போயின. மிச்சம் இருப்பது கல் வளையம் மட்டும். ஆற்றின் மேல் எலும்புக்கூடு மாதிரி மெல்லிசாக நிற்கிறது. அதன்மேல் நடக்க யாரையும் விடுவதில்லை, ஆனால் அது கிட்டத்தட்ட 200 வருடமாக அப்படியே நிற்கிறது.

சரி, எட்வர்ட்ஸுக்கு வருவோம். 1746-இல் அவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. தொகை 500 பவுண்டு, கட்டி முடித்த பிறகு ஏழு வருடம் பாலம் நிற்பதற்கு அவரே பொறுப்பு. முதலில் அவரும் எல்லோரையும் போல ஆற்றுக்குள் தூண் வைத்துப் பல கண்களோடுதான் கட்டினார். சுமார் இரண்டு வருடம் ஓடியது. அப்புறம் ஒரு வெள்ளம். டாஃப் மலையிலிருந்து வேகமாக இறங்கும் ஆறு, வேரோடு பிடுங்கிய மரங்களைக் கொண்டுவந்து தூண்களுக்கு நடுவே செருகியது. கண்கள் அடைத்துக்கொள்ள, பாலமே ஒரு தடுப்பணை ஆகிவிட்டது, பின்னால் தண்ணீர் ஏறி மொத்தத்தையும் தள்ளிக்கொண்டு போனது.

ஒப்பந்தப்படி திரும்பக் கட்ட வேண்டும். தூண் இருந்தால்தானே மரம் சிக்கும் என்று யோசித்தவர், தூணே வேண்டாம், ஒரே வளைவு என்று முடிவெடுத்தார். 140 அடிக்கு ஒற்றைக் கல் வளைவு அன்றைக்கு பிரிட்டனில் எங்குமே கிடையாது. பண்ணைச்சுவர் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் இப்படி முடிவெடுத்ததை துணிச்சல் என்பதா, போன பணத்தை மீட்கிற அவசரம் என்பதா தெரியாது, இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். இரண்டாவது பாலம் முடிகிற தறுவாயில் ஆறு திரும்பப் பெருகி சென்டரிங்கைச் சிதைத்தது, மேலே இருந்த கல்லும் போனது.

மூன்றாவதில் ஆறு தொந்தரவு கொடுக்கவில்லை. வளைவு முடிந்தது, சென்டரிங்கை எடுத்தாயிற்று. பாலத்தின் நடுப்பகுதியில் வளையத்துக்கு மேல் அதிகம் எதுவும் கிடையாது, கல்லும் அங்கே மெல்லிசு. ஆனால் இரண்டு பக்கத் தோள்களிலும், அதாவது வளைவு கரையை நோக்கி இறங்குகிற இடத்துக்கும் மேலே போகிற பாதைக்கும் நடுவே உள்ள முக்கோண இடைவெளியில், கல்லும் மண்ணும் நிறைய நிரப்பியிருந்தது. அந்தக் கனம் தோள்களைக் கீழே அழுத்தியது. தோள் இறங்கினால் நடு எங்கே போகும், மேலேதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். துணி காயப்போடுகிற கொடியில் ஒன்றும் இல்லாதபோது அது ஒரே சீராகத் தொங்குகிறது. கால்பங்கு தூரத்தில் ஒன்று, முக்கால்பங்கு தூரத்தில் ஒன்று என்று நனைந்த ஜமுக்காளம் இரண்டைப் போடுங்கள். அந்த இரண்டு இடத்திலும் கொடி தாழ்ந்துவிடும், நடுப்பாகம் வளைவு போய் நேராகிவிடும். இந்த வடிவத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். தோள் கனத்த வளைவுக்குள் அமுக்கம் ஓடுகிற பாதை அதுதான், தோளில் மேலே எக்கி, நடுவில் தாழ்ந்து தட்டையாகப் போகும். அந்தப் பாதை கல்லின் தடிமனுக்குள்ளேயே அடங்கினால் வளைவு நிற்கும். கல் வளையம் வட்டத்தின் ஒரு துண்டு, அமுக்கப் பாதையோ வேறு வடிவம், வளையமும் மெல்லிசு என்றால் பாதை ஓரிடத்தில் கல்லை விட்டு வெளியே போகப் பார்க்கும், அந்த இடத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே கீல் போட்ட மாதிரி வாய் திறக்கும். எட்வர்ட்ஸ் பாலத்தில் உச்சிக் கற்களின் இடுக்கு மேல்பக்கம் திறந்து, கற்கள் அடி விளிம்பில் மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, அப்புறம் அதுவும் விட்டிருக்க வேண்டும். எந்தக் கல்லும் நசுங்கவில்லை. கல்லின் பலத்துக்கும் இந்த விபத்துக்கும் சம்பந்தமே கிடையாது, எடை இருந்த இடம்தான் பிரச்சினை.

இந்தத் தலைகீழ்க் கயிறு விஷயம் அப்போதே தெரிந்ததுதான். ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி 1675-இலேயே சொல்லிவிட்டார், தொங்குகிற சங்கிலி எப்படி நிற்கிறதோ அதைத் திருப்பினால் வளைவு அப்படி நிற்கும் என்று. சொன்னதும் நேராகச் சொல்லவில்லை, வேறு யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அச்சிட்டார் (அந்தக் காலத்து காப்பிரைட்). எட்வர்ட்ஸ் டாஃப் ஆற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே வருடங்களில், 1748-இல், ஜொவான்னி பொலேனி என்ற இத்தாலியர் ரோமில் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தின் விரிசல் விட்ட குவிமாடம் நிற்குமா என்று பார்க்க, சங்கிலியில் அந்தந்த இடத்துக்கு ஏற்ற எடை கோத்துத் தொங்கவிட்டுச் சோதித்த ஆய்வை வெளியிட்டார். வேல்ஸ் கிராமத்து மேஸ்திரிக்கு அதெல்லாம் போய்ச் சேர வழியில்லை. அவர் பாலத்தையே கட்டி, விழுந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டார், செலவு கொஞ்சம் அதிகம்.

நான்காவதில் அவர் செய்தது, தோளில் ஓட்டை போட்டார். ஒவ்வொரு பக்கமும் பாலத்தின் இந்த முகத்திலிருந்து அந்த முகம்வரை ஊடுருவிப் போகும் மூன்று வட்டக் குழாய்கள். கரைக்குப் பக்கத்தில் உள்ளது 9 அடி விட்டம், அடுத்தது 6 அடி, உச்சியை நெருங்கியது 3 அடி. நிரப்பல் அதிகமாக இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை, குறைகிற இடத்தில் சின்ன ஓட்டை. தோளின் கனம் இறங்கியதும் அமுக்கப் பாதை வளையத்துக்குள் திரும்பி வந்தது, உச்சி எழும்பவில்லை. வெள்ளம் உயர்ந்தால் ஓட்டை வழியாகவும் தண்ணீர் போகும் என்பது கூடுதல் லாபம். பொன்டிப்ரித் பாலத்தின் படம் எதைப் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது இந்த ஆறு வட்டங்கள்தான். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அழகுக்காகப் போட்டதில்லை.

இதே யோசனை சீனாவில் எட்வர்ட்ஸுக்கு 1100 வருடம் முன்பே வந்திருக்கிறது. ஹெபெய் மாகாணத்தில் லீ சுன் என்பவர் சுயி அரச காலத்தில், சுமார் 605-இல் கட்டி முடித்த அன்ஜி பாலம் இன்றும் இருக்கிறது. கரைக்குக் கரை 37 மீட்டர், வளைவின் உயரம் 7 மீட்டரை ஒட்டி. தோள்களில் பக்கத்துக்கு இரண்டு சின்ன வளைவுகளைத் திறந்து விட்டிருக்கிறார். எட்வர்ட்ஸுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. லீ சுன் பாலம் ஒரு விதத்தில் இன்னும் கெட்டிக்காரத்தனமானது, ஏனென்றால் அது தட்டையானது, வண்டி சிரமமில்லாமல் ஏறலாம். பொன்டிப்ரித் பாலமோ 140 அடி அகலத்துக்கு 35 அடி எழும்புகிறது, 175 அடி விட்டமுள்ள வட்டத்தின் துண்டு. நடந்து போகிறவர்களுக்குப் பரவாயில்லை. பாரவண்டிக்காரர்கள் பாடு திண்டாட்டம், இறங்கும்போது வண்டி குதிரைமேல் ஏறிவிடாமல் இருக்க சங்கிலியும் இழுவைக்கட்டையும் போட்டுத்தான் இறக்கினார்கள். பிரிட்டனில் சுமார் 40 வருடம் இதைவிட நீளமான ஒற்றை வளைவு வரவில்லை, பெருமைதான். ஆனால் ஊர்க்காரர்கள் கடைசியில் அலுத்துப்போய் 1857-இல் பக்கத்திலேயே ஒட்டினாற்போல மூன்று கண் பாலம் ஒன்றைத் தட்டையாகக் கட்டிக்கொண்டார்கள். பழையது இப்போது நடைபாலம்.

எட்வர்ட்ஸ் அதோடு நிற்கவில்லை, அவரும் பிள்ளைகளும் தெற்கு வேல்ஸ் முழுக்கப் பாலம் கட்டினார்கள். லாண்டவரி ஊருக்குப் பக்கத்தில் டௌவி ஆற்றின் மேல் 1773-இல் கட்டிய டோலாஹிரியன் பாலம் 84 அடிதான், பக்கத்துக்கு ஒரே ஓட்டை. என்னைக் கேட்டால் பொன்டிப்ரித்தை விட அதுதான் தேர்ந்த வேலை, எவ்வளவு ஓட்டை போதும் என்று கணக்குத் தெரிந்துகொண்டு கட்டியது.

தோளில் நிரப்புவது இல்லாமலே இருந்தால் என்ன என்று கேட்கலாம். அங்கே எதாவது இருந்தே ஆக வேண்டும். வளையத்தின் மேல் நேரடியாக வண்டி ஏறினால், ஒரு பக்கத்தில் பாரம் விழும்போது மறுபக்கம் எழும்பப் பார்க்கும், தோளில் உள்ள நிரப்பல் அதை அமுக்கிப் பிடிக்கிறது. சக்கரத்தின் பாரத்தையும் அது பரப்பிக் கொடுக்கிறது. சின்னப் பாலத்தில் வளையம் அகலத்துக்குத் தக்கபடி தடிமனாகவே இருக்கும், அதனால் தோள் கொஞ்சம் கனத்தாலும் தப்பித்துக்கொள்ளும். 140 அடிக்குப் போகும்போதுதான் கணக்கு இறுகிவிடுகிறது. பொதிக்குதிரைக்காகக் கட்டிய சின்னச் சின்ன வளைவுப் பாலங்கள் இங்கிலாந்தில் நிறைய மிஞ்சியிருக்கின்றன. மேலே போகிற பாதையின் அகலம் 6 அடிகூட இருக்காது, கைப்பிடிச்சுவர் இருந்தாலும் முட்டிக்காலளவு, குதிரையின் இரண்டு பக்கமும் தொங்குகிற பொதி இடிக்கக் கூடாதே.

இந்தப் பாலங்களுக்கு வயதான பிறகு வருகிற தொல்லை பெரும்பாலும் அந்த நிரப்பலிலிருந்துதான். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி மண் ஊறினால் அது பக்கச்சுவரை வெளியே தள்ளும், சுவர் வயிறு புடைத்த மாதிரி ஆகும். பழைய பாலங்களின் பக்கவாட்டில் வட்டமாகவோ பெருக்கல்குறி மாதிரியோ இரும்புத் தட்டு பதித்திருப்பதைப் பார்த்தால், உள்ளே குறுக்கே ஒரு கம்பி ஓடுகிறது, இரண்டு சுவரையும் அது இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று சிமென்ட். பழைய சுண்ணாம்பு உதிர்ந்த இடுக்குகளில் சிமென்ட் வைத்துப் பூசினால் பார்க்கப் புதுசாக இருக்கும், ஆனால் சுண்ணாம்பு வழியாக வெளியேறிக்கொண்டிருந்த ஈரத்துக்கு வழி அடைபட்டுப் போகும். ஈரம் கல்லுக்குள் தங்கும், குளிர் நாடுகளில் அது உறைந்து விரியும், கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். நல்லது செய்வதாக நினைத்து இப்படிக் கெடுத்த பாலங்கள் ஏராளம், அதனால் இப்போது பாரம்பரியப் பாலம் என்றால் திரும்பச் சுண்ணாம்புதான் என்று வைத்திருக்கிறார்கள்.

லாரி தாங்குமா என்று பார்க்க பிரிட்டனில் வைத்திருக்கிற ஒரு கணக்குமுறையும் சுவாரசியமானது. 1930-களில் ஆல்ஃபிரட் பிப்பார்ட் என்ற இன்ஜினீயர் செய்த சோதனைகளிலிருந்து வந்தது, ராணுவத்தினர் கனரக வண்டிகளைப் பழைய பாலங்களில் ஓட்டலாமா என்று சட்டென்று முடிவெடுக்க அதைச் சுருக்கி வைத்தார்கள். வளையத்தின் தடிமனையும் உச்சியில் அதன் மேல் உள்ள நிரப்பலின் ஆழத்தையும் கூட்டி, வர்க்கம் எடுத்து, கண்ணின் அகலத்தை வைத்துக் குறைக்க வேண்டும். பிறகு விரிசல், சாந்தின் நிலைமை எல்லாம் பார்த்து இன்னும் கழிக்க வேண்டும். 18 மீட்டர் வரை உள்ள கண்களுக்குத்தான் இது. கவனித்தீர்களா, உச்சியில் மண் கூடினால் தாங்குதிறன் கூடுகிறது. தோளில் கூடினால் விழுந்த பாலம்தான் எட்வர்ட்ஸுடையது.

இத்தனை இருந்தும், கல்பாலங்களைக் கொல்வது பெரும்பாலும் பாரமில்லை, தண்ணீர். அதுவும் மேலே இடிக்கிற தண்ணீரை விட அடியில் அரிக்கிற தண்ணீர். ஆற்றுக்குள் தூண் வைத்தால் கண்ணின் அகலம் குறைகிறது, தண்ணீர் அங்கே வேகம் எடுக்கிறது, தூணைச் சுற்றிச் சுழித்து அடிமண்ணைத் தோண்டுகிறது. வெள்ளம் வடிகிறபோது குழியில் மணல் திரும்ப நிரம்பிவிடுவதால் மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் வெள்ளத்துக்குப் பிறகு முங்குகிறவர்களை இறக்கித் தூணின் அடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்.

2015 டிசம்பரில் வடக்கு இங்கிலாந்தில் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் போன பழைய பாலங்களில் இரண்டைச் சொல்கிறேன். டாட்காஸ்டர் ஊரில் வார்ஃப் ஆற்றின் மேலிருந்த கல்பாலத்தின் ஒரு பகுதி சரிந்தது, அதைக் கல்லாலேயே எடுத்துக் கட்டி 2017 பிப்ரவரியில் திறந்தார்கள். அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் 1764-இல் கட்டிய மூன்று கண் பூலி பிரிட்ஜ் அடியோடு போய்விட்டது. அங்கே 2020-இல் துருப்பிடிக்காத எஃகில் புதுப் பாலம் வந்தது, ஆற்றுக்குள் ஒரு தூண்கூட வைக்கவில்லை.